அம்மாவும் அப்பாவும் கடல் பார்க்கப் போன நாள்

1

அந்த யோசனை எனக்கு ஒரு படிவத்தின் கடைசி வரியில்தான் தோன்றியது.

நான் வேலை பார்ப்பது வேல்ஸில், கடலோரத்துச் சின்ன ஊர் ஒன்றில். வயதானவர்களுக்குப் பயணம் ஒழுங்கு செய்து கொடுக்கிற அலுவலகம். மொத்தமே நான்கு பேர். இலங்கையில் றக்வானைக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் இங்கே எப்படி வந்து உட்கார்ந்தாள் என்றால், படிக்க வந்தேன், படித்து முடித்தேன், திரும்ப ஆயத்தமாவதற்குள் வேலை கிடைத்துவிட்டது. ஐந்து வருடம் ஆகிறது. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் வளர்ந்தேன் என்பதை ஆங்கிலத்தில் 'லைன் ரூம்' என்று சொல்லப் போய், நான் ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவள் என்று என் மேலதிகாரி இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறார். திருத்தவில்லை. திருத்துவதென்றால் தாத்தாவின் தாத்தா கப்பலேறியதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அன்றைக்கு என் முன்னால் எழுபதைத் தாண்டிய ஒரு தம்பதி. படிவத்தின் கடைசி வரி, அவசரம் என்றால் யாரை அழைப்பது என்று கேட்கிறது. கணவர் விரலை நீட்டி மனைவியைக் காட்டினார். மனைவி கணவரைக் காட்டினார். பயணத்தில் இல்லாத ஒருவராக இருக்க வேண்டும் என்று விளக்கினேன். மகன் பெயரைப் போடுவதா, பக்கத்து வீட்டுக்காரி பெயரைப் போடுவதா என்று இருவரும் பத்து நிமிடம் வாக்குவாதப்பட்டார்கள். மகன் போனை எடுக்க மாட்டான், பக்கத்து வீட்டுக்காரி எடுப்பாள், ஆனால் வைக்க விடமாட்டாள்.

சிரித்துக்கொண்டே எழுதியவள் பாதியில் நின்றுவிட்டேன். என் அப்பாவும் அம்மாவும் இந்த வரியை நிரப்ப வேண்டிய தேவையே இதுவரை வந்ததில்லை. அவர்கள் இருவராக எங்கேயும் போனதில்லை. லொறியில் ஐம்பது பேரோடு கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். கல்யாண வீடு, சாவு வீடு என்று ஆளுக்கொரு பக்கம் போயிருக்கிறார்கள். கடலோ, வீட்டிலிருந்து அரை நாள் பஸ் தூரம்.

"அம்மா, நீங்க கடல் பார்த்திருக்கீங்களா?" அன்று மாலையே கேட்டேன்.

"ஒருக்கா லொறியில போகையில பார்த்தேன். நீலமா ஓடுச்சு."

"கடல் ஓடலம்மா. லொறி ஓடுச்சு."

"ரெண்டும் ஓடுச்சு," என்றாள் அம்மா.

2

நான் எதையும் மெதுவாகச் செய்யத் தெரியாதவள். அந்த வாரத்திலேயே திட்டம் தயார். தெற்குக் கடற்கரையில் இருக்கிற தங்காலையில் இரண்டு இரவு. றக்வானையில் ஏறி, எம்பிலிப்பிட்டியவில் ஒரே ஒரு முறை பஸ் மாறுவது.

வயதானவர்களின் பயணத்தில் எங்கள் அலுவலகம் எனக்குக் கற்றுத் தந்தவை நிறைய. இங்கே யாரும் ஐம்பது மைல் என்று சொல்வதில்லை. மூன்று கழிப்பறைத் தூரம் என்கிறார்கள். அறை கீழ்மாடியில் இருக்க வேண்டும். கட்டில் உயரம் கேட்க வேண்டும். மத்தியானச் சாப்பாட்டை வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. போய்ச் சேர்ந்த நாளில் எதையும் பார்க்கப் போகக்கூடாது. இதையெல்லாம் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். பதினொரு விஷயம். அப்பா எட்டாம் வகுப்புவரை படித்தவர், ஒவ்வொன்றாக உரக்க வாசிப்பார். அம்மா அடுப்படியிலிருந்து தீர்ப்புச் சொல்வாள்.

"கட்டில் ஒயரம் என்னான்னு கேக்கச் சொல்லுது புள்ள."

"தரையில படுக்குற ஆளுக்குக் கட்டில் ஒயரம் என்னத்துக்கு?"

உண்மையைச் சொன்னால், போவதைவிட இந்தத் திட்டம் போடுவதில்தான் அவர்களுக்குச் சுகமே இருந்தது. என் வாடிக்கையாளர்களும் அப்படித்தான். அப்பா பஸ் நேரங்களைக் கண்டக்டர்மாரிடம் கேட்டுக் கேட்டு, பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினார். ஒரே பஸ்ஸுக்கு மூன்று பேர் மூன்று நேரம் சொன்னதால் மூன்றையும் எழுதி, சொன்னவர் பெயரையும் பக்கத்தில் எழுதி வைத்தார். அம்மா தேங்காய் ரொட்டி எத்தனை, மிளகாய் இடித்த கட்டச் சம்பல் கெட்டுப்போகுமா என்று ஒரு வாரம் யோசித்தாள். பின்னேரங்களில் நான் போன் எடுக்கும்போதெல்லாம் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வீட்டில் இருந்த காலத்தில் அவர்கள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அம்மா கொழுந்து எடுத்துவிட்டு வரும் நேரமும், அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டு வரும் நேரமும் வேறு வேறு. மலையும் வேறு. பிறகு அம்மா அடுப்படிக்கும் அப்பா தண்ணீர் பிடிக்கிற பீலிக்கும் போய்விடுவார்கள்.

தங்குமிடக்காரர் இருவரின் அடையாள அட்டையையும் கல்யாணப் பதிவையும் கேட்டார். அப்பாவின் அட்டையில் ராமையா. அம்மாவின் அட்டையில் மாரியாயி. கல்யாணப் பதிவில் மாரியம்மாள். அந்தப் பதிவும் அண்ணன் பள்ளிக்கூடம் சேரும்போது அவசரமாகச் செய்தது. இரண்டு பெண்களும் ஒரே பெண்தானா என்று தங்குமிடக்காரர் சிங்களத்தில் மரியாதையாகக் கேட்டார். ஒரே பெண்தான், எழுதியவர்கள்தான் இரண்டு பேர் என்றேன். ஐந்து வருடத்தில் என் சிங்களத்துக்கு நடுவில் ஆங்கிலம் புகுந்துவிட்டது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு 'சொறி' சேர்த்துக்கொள்கிறேன். எதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்று அவருக்கு விளங்கவில்லை.

கொழும்பில் இருக்கும் அண்ணன் ரவிக்கு இது பிடிக்கவில்லை. "ஏன்டி அவங்கள அலைக்கழிக்கிற? அப்பாவுக்கு நெஞ்சு வருத்தம் இருக்குன்னு தெரியுமில்ல?"

"நீ கூட்டிக்கிட்டுப் போயேன்."

"எனக்கு லீவு இல்ல."

எனக்கு லீவு இருந்தது, கடவுச்சீட்டுத்தான் இல்லை. விசாப் புதுப்பிப்புக்காக அதை ஓர் அலுவலகத்துக்கு அனுப்பி அப்போதே நான்கு மாதமாகியிருந்தது. அது வரும்வரை நான் இந்த நாட்டைவிட்டு ஓர் அடி நகர முடியாது. யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் என்ற நினைப்பு ஒவ்வொரு நாளும் பல் துலக்கும்போது வரும். அந்தப் பதினொரு விஷயத்தையும் நான் எழுதியது உற்சாகத்தில் என்று எல்லோரிடமும் சொன்னேன். பாதி பயத்தில்தான் எழுதினேன்.

ஏழாவது விஷயம் இது: பேப்பர் எல்லாம் அப்பாவிடம். போன், இரண்டு அடையாள அட்டை, தங்குமிடச் சீட்டு, கிளினிக் கொப்பி. மருந்து எல்லாம் அம்மாவிடம். அப்பாவுக்கு நெஞ்சு பிடித்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற குளிசை உட்பட. வீட்டில் அப்படித்தானே, குளிசையை ஞாபகப்படுத்துகிறவள் அவள்தானே என்று நினைத்து எழுதினேன். இப்போது அந்தப் படத்தைத் திறந்தால் ஏழாவதைத் தாண்டிப் போய்விடுகிறேன்.

3

அவர்கள் புறப்பட்ட காலை நான் விடிவதற்கு முன்பே விழித்துக்கொண்டேன். அப்பாவின் போன் இருக்கும் இடத்தை என் போனில் ஒரு புள்ளியாகப் பார்க்க வழி செய்து வைத்திருந்தேன். அந்த நீலப் புள்ளி மலை இறங்கியது. எம்பிலிப்பிட்டியவில் நின்றது. பிறகு மாத்தறை போகும் பஸ்ஸில் ஏறி, தெற்கே ஓடியது. தங்காலை வழியில் இருக்கிறது. தேநீர் ஆறிப்போவதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஆறு இருபது, அங்கே பத்து ஐம்பது. புள்ளி தங்காலையில் நின்றது. பிறகு மெதுவாக நகர ஆரம்பித்தது. நடக்கிற வேகம். அழைத்தேன்.

"எறங்கியாச்சாப்பா?"

"ஆச்சு ஆச்சு. நல்ல வெயில். கடல் வாட வருது."

"அம்மா எங்க?"

"பின்னால வர்றா."

"அம்மாகிட்ட போனக் குடுங்க."

வாகன இரைச்சல். யாரோ மீன் விற்கிற சத்தம்.

"அப்பா?"

"இரு," என்றார். பிறகு அவர் குரல் வேறாக இருந்தது. "பின்னால காணலயே."

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்திலிருந்து டவுனுக்குப் புருசன் பொண்டாட்டி போனால், அவர் இருபது அடி முன்னால் போவார். அவள் பையோடு பின்னால் வருவாள். கோபமொன்றும் கிடையாது, அப்படித்தான் நடப்பது. முன்னால் போகிறவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால், மதகுக் கட்டில் உட்கார்ந்திருக்கிறவர்கள் விடமாட்டார்கள். "என்ன ராமையா, பொண்டாட்டிய யாரும் தூக்கிட்டுப் போயிருவாங்கன்னு பாக்குறியா?" என்பார்கள். எங்கள் தோட்டத்திலிருந்து டவுனுக்கு ஒரே ஒரு பாதைதான். திரும்பிப் பார்க்காவிட்டாலும் யாரும் தொலைய வழியில்லை. அப்பா முப்பத்துச் சொச்ச வருடம் அம்மாவின் செருப்புச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டே நடந்தவர்.

அன்றைக்கு பஸ்ஸில் கூட்டம். முன்வாசல் பக்கம் யாரோ ஒரு பையன் எழுந்து அம்மாவுக்கு இடம் கொடுத்திருக்கிறான். அப்பா பின்னால் நின்றுகொண்டு வந்திருக்கிறார். தங்காலை என்று கண்டக்டர் கத்தினதும் அப்பா பின்வாசலால் இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, நேரே நடக்க ஆரம்பித்துவிட்டார். கிட்டத்தட்ட கால் மைல். அவ்வளவு தூரமும் அவள் பின்னால் வருகிறாள் என்று நம்பிக்கொண்டு, ஒருமுறைகூடத் திரும்பாமல்.

சின்ன வயதில் நான் இந்த இருவருக்கும் நடுவில் நடந்தவள். முன்னால் அப்பாவின் முதுகு, பின்னால் அம்மாவின் செருப்பு. கழிப்பறை எத்தனை என்று எண்ணியவளுக்கு, இவர்கள் எப்படி நடப்பார்கள் என்பது மறந்துபோயிருந்தது. படிவத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. என் வாடிக்கையாளர்கள் கை கோத்துக்கொண்டு நடப்பவர்கள்.

4

புள்ளி வந்த வழியே திரும்பியது. நடக்கிற வேகம் இல்லை.

"அப்பா, ஓடாதீங்க. உட்காருங்க."

"பஸ்ஸு போயிருச்சு கலா." மூச்சு வாங்கியது. "பஸ்ஸே போயிருச்சு."

"என்ன பஸ்? என்ன நிறம்?"

"நீலமா... பச்சையா... நான் எங்க பார்த்தேன்?"

"டிக்கட் இருக்கா? அதுல நம்பர் இருக்கும்."

"சுருட்டிக் காது கொடஞ்சேன்மா. எறங்கையில போட்டுட்டேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் வரவில்லை. அம்மாவிடம் போன் இல்லை, அடையாள அட்டை இல்லை, பெயர் எழுதின ஒரு தாள்கூட இல்லை. கொஞ்சம் எழுத்துக்கூட்டி வாசிப்பாள். ஒரு போன் நம்பரும் மனப்பாடம் கிடையாது. அவள் எங்கே இறங்குவாள்? இறங்கி எந்தப் பக்கம் நடப்பாள்? அண்ணனுக்கு மூன்று முறை அடித்தேன். வேலை நேரத்தில் அவன் போன் லொக்கரில் இருக்கும்.

"அப்பா, பக்கத்துல யாராவது ஆட்டோக்காரர் இருந்தா போனைக் குடுங்க."

ஒரு ஆட்டோக்காரர் வாங்கினார். நடந்ததைச் சிங்களத்தில் சொன்னேன். அவசரத்தில் பாதி ஆங்கிலமாகப் போனது. நான்கு முறை 'சொறி' சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தங்கச்சி முறை வைத்து, "நங்கி, மன்னிப்பு அப்புறம் கேளுங்க. இந்த ஐயா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு," என்றார்.

நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். கொண்டுபோகத் தயார் என்றார் அவர். அப்பாதான் ஏறவில்லை. போனை மறுபடி வாங்கினார்.

"லேசாத்தான் பிடிக்குது. ஒண்ணுமில்ல."

"குளிசை அம்மாகிட்ட இருக்குப்பா. தயவுசெஞ்சு ஏறுங்க."

"நான் போயிட்டா? அவ திரும்பி வந்து எறங்கி, நான் இங்க இல்லாட்டி? அவ எங்க போவா? எறங்குன எடத்துலதான் நிக்கணும். எறங்குன எடத்துலதான் தேடுவா."

தொலைந்த ஆட்டுக்குட்டிக்கும் தொலைந்த பிள்ளைக்கும் எங்கள் லயத்தில் சொல்கிற வழி அதுதான்: அசையாமல் நில். ஆட்டோக்காரர் வண்டியை அவர் நின்ற இடத்துக்கே உருட்டிக்கொண்டு வந்து, நிழலுக்குப் பின்சீட்டில் உட்கார வைத்தார். தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். "கண்ணு மூடினாருன்னா நான் கேக்காம ஓட்டிருவேன்," என்று என்னிடம் தனியாகச் சொன்னார். இணைப்பைத் துண்டிக்காமல் வைத்திருந்தேன். அப்பாவின் மூச்சு மட்டும் கேட்டது. நாற்பது நிமிடம். இடையிடையே, "அந்த பஸ்ஸா?" என்பார். இல்லை என்பார் ஆட்டோக்காரர்.

நான் என் வேலையில் எத்தனையோ பேரை எத்தனையோ தூரம் அனுப்பியிருக்கிறேன். அந்த நாற்பது நிமிடம் நினைத்ததெல்லாம் ஒன்றுதான்: இருவரும் லயத்து வீட்டில் பத்திரமாக இருந்தார்கள். நான்தான் கிளப்பினேன்.

5

ஏழே காலுக்கு இன்னோர் அழைப்பு குறுக்கே விழுந்தது. றக்வானை எண். எடுக்கவே பயமாக இருந்தது.

"மகள், நான் தவ்ஃபீக் நானா பேசுறன். கடையிலருந்து."

றக்வானை டவுனில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். அவருடைய மகள் என்னோடு படித்தவள்.

"பயப்பட வேணாம். ஒங்கட அம்மா மாத்தறை பஸ் ஸ்டாண்ட்ல ஈக்கிறாங்க. நல்லா ஈக்கிறாங்க. டைம் கீப்பர் எனக்குக் கோல் எடுத்தாரு."

"உங்களுக்கா? உங்க நம்பர் எப்படி நானா?"

"என்ட கடைப் பையிலதானே ரொட்டி கொண்டு போயீக்கிறாங்க. பையில நம்பர் ஈக்கிதே."

அந்தத் துணிப்பையை அவர் நோன்புப் பெருநாளைக்கு வாடிக்கையாளர்களுக்கெல்லாம் கொடுத்தது. பயணத்துக்கு அழகான பை வாங்குங்கள் என்று நான் சொல்லி, அம்மா கேட்காமல் விட்டது.

டைம் கீப்பரின் எண்ணை அவர் தந்தார். அழைத்தேன். அம்மா வந்தாள். முதல் கேள்வி என்னைப் பற்றியோ தன்னைப் பற்றியோ இல்லை.

"அவரு ஒக்காந்திருக்காரா, நிக்கிறாரா?"

"ஒக்காந்திருக்காரும்மா. லேசா நெஞ்சு பிடிக்குதாம்."

"ஒக்காந்திருந்தாச் சரி. குளிச எங்கிட்டயில்ல இருக்கு. அங்க டாக்டர்மாருகிட்ட வேற இருக்கும். கொப்பியைக் காட்டச் சொல்லு. நான் வர்றேன்னு சொல்லு, போயிருவாரு."

அவள் சொன்னபடியே நடந்தது. அம்மா மாத்தறையில் இருக்கிறாள், பஸ்ஸில் ஏறுகிறாள் என்று கேட்ட உடனே, அதுவரை இறங்கின இடத்தைவிட்டு நகராத மனிதர், "அப்ப ஆஸ்பத்திரிக்கே விடுங்க தம்பி," என்றாராம். கிளினிக் கொப்பியைப் பார்த்து அங்கே குளிசை கொடுத்து, நெஞ்சில் கம்பி ஒட்டிப் படம் எடுத்து, பின்னேரம்வரை படுக்க வைத்தார்கள். பெரிதாக ஒன்றுமில்லை, ஓடினதுதான் என்றார்கள்.

அம்மா செய்ததைப் பிறகு அவள் வாயாலேயே கேட்டேன். தங்காலையில் கண்டக்டர் கத்தியபோது அவள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். விழித்தபோது தங்காலை தாண்டித் திக்வெல்லை. திரும்பிப் பின்னால் பார்த்தால் அப்பா இல்லை.

"பயமா இருந்துச்சாம்மா?"

"நெஞ்சுக்குள்ள என்னமோ வழுக்குன மாதிரி இருந்துச்சு. அந்தக் கண்டக்டர் தம்பி, இங்க எறங்குங்க அம்மே, அடுத்த பஸ்ஸுல திரும்பிப் போங்கன்னுச்சு. நான் மாட்டேன்னுட்டேன். ரோட்டோரத்துல எறக்கிவிட்டா யாருகிட்ட கேக்குறது? கடைசி எடத்துக்குப் போனா அங்க மேச போட்டு ஒரு ஆளு இருப்பாரு. மேச இருக்குற எடத்துல பேச்சு எடுபடும்."

வாழ்நாள் முழுவதும், காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்திலும் கொழுந்து நிறுக்கிற இடத்திலும் மேசைக்கு முன்னால் நின்று நியாயம் கேட்டவள். எனக்கு அந்த யோசனை வந்திருக்காது. நான் நடுவழியில் இறங்கி அழுதிருப்பேன்.

அம்மா ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததை நான் பார்க்கவில்லை. ஆட்டோக்காரர்தான் சொன்னார். கட்டில் பக்கத்தில் போய் நின்று, பையை இறக்கி வைத்துவிட்டு, "திரும்பிப் பார்த்தா கழுத்தா சுளுக்கிரும்?" என்று மட்டும் கேட்டாளாம். அப்பா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். பிறகு இருவரும் ரொட்டி சாப்பிட்டார்களாம். ஆட்டோக்காரருக்கும் ஒன்று கொடுத்தார்களாம்.

6

மறுநாள் காலை கடல் பார்த்தார்கள். படம் அனுப்பவில்லை, அப்பா போனைத் தொட விரும்பவில்லை. அம்மா கணுக்கால்வரை தண்ணீரில் நின்றதாகவும், அப்பா மணலில் செருப்புக்குக் காவல் இருந்ததாகவும் தகவல். மூன்றாம் நாள் தங்குமிடக்காரரே தெரிந்த ஒருவரின் வேனில் அவர்களை எம்பிலிப்பிட்டியவரை கூட்டிக்கொண்டு போய் விட்டார்.

நான் அந்த வாரம் அலுவலகத்தில் ஒரு படிவத்தையும் ஒழுங்காக நிரப்பவில்லை. எந்தத் தம்பதி வந்து உட்கார்ந்தாலும், இவர்களில் யார் முன்னால் நடப்பார் என்றுதான் பார்க்கத் தோன்றியது. ஒருவர் எழுந்து வாசலுக்குப் போகும்போது மற்றவர் இன்னும் கைப்பையை மூடிக்கொண்டிருந்தால், என் நெஞ்சு அடித்துக்கொள்ளும். பயம் இன்னும் போகவில்லை. இதை எழுதும்போதும் போன் குப்புறத்தான் கிடக்கிறது. அதன் முகத்தைப் பார்க்கப் பயம்.

இனி எந்தப் பயணமும் வேண்டாம் என்று நானாகவே முடிவு செய்துவிட்டேன். அண்ணனும் அதைத்தான் சொன்னான், இன்னும் பலத்த வார்த்தைகளில். அவன் திட்டியதையெல்லாம் கேட்டுக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து, போன ஞாயிற்றுக்கிழமை, அம்மா பேச்சுவாக்கில் கேட்டாள். "அடுத்து எங்க?"

"அடுத்தா? அம்மா, நான் செத்துப் பிழைச்சேன்."

"நீ வீட்டுல ஒக்காந்துக்கிட்டுச் செத்துப் பொழச்ச. நான் மாத்தறைக்குப் போயி பொழச்சேன். எனக்கு ரயில்ல போகணும். அப்புத்தளையில ஏறி, சும்மா ரெண்டு மூணு ஸ்டேஷன் போயித் திரும்பணும். ரயில்ல பக்கத்துப் பக்கத்துல சீட்டு நம்பர் போட்டுக் குடுப்பாங்களாமே."

பின்னால் அப்பா இருமினார். அது அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதற்கு அடையாளம்.

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொல்ல முடியவில்லை. அவளுக்கு அறுபத்து நான்கு, அவருக்கு அறுபத்தொன்பது. என் கடவுச்சீட்டு இன்னும் வரவில்லை. நான் வந்து கூட்டிப்போகிறவரை காத்திருங்கள் என்று எந்த வாயால் சொல்வது? அலுவலகத்தில் செய்வதுபோல நிபந்தனை போட்டேன். இருவரிடமும் தனித்தனி போன். இருவரிடமும் குளிசை. ஆளுக்கொரு அடையாள அட்டை, அவரவரிடம். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பழக்கம் பழக வேண்டும். ஸ்டேஷனில் இறங்கினால் இருவரும் சேர்ந்து நடக்க வேண்டும்.

"பழகிருவோம்," என்றாள் அம்மா. "வர்ற ஞாயித்துக்கெழம சாமான் வாங்க டவுனுக்குப் போறோமில்ல. அன்னைக்கே ஒண்ணா நடந்து பார்க்குறோம்."

அப்பா போனைப் பிடுங்கிக்கொண்டார். "ஞாயித்துக்கெழமயா? ரோடு முழுக்க ஆளு இருக்கும். மதகுல எல்லாப் பயலும் ஒக்காந்திருப்பானுங்க."

"இருக்கட்டுமேப்பா."

"நீ சொல்லுவ. நீ அங்க இருக்க." குரலைத் தாழ்த்தினார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்ற அன்றைக்குக்கூட அந்தக் குரலில் இவ்வளவு பயம் இருக்கவில்லை. "கையக் கிய்யப் புடிக்கணுமா?"

"வேண்டாம்ப்பா. பக்கத்துல நடந்தாப் போதும்."

"எந்தப் பக்கம்?"

எனக்குத் தெரியவில்லை. எங்கள் அலுவலகத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அம்மாவிடமே கேளுங்கள் என்றேன். அவர் கேட்கவில்லை, ஆனால் அவளுக்குக் கேட்டுவிட்டது.

"மலப் பக்கம் அவரு," என்றாள் தூரத்திலிருந்து. "தல சுத்துனாச் சாஞ்சுக்கலாம். பள்ளத்துப் பக்கம் நான் நடக்குறேன்."

ஞாயிறு காலை எட்டரைக்குப் புறப்படுகிறார்கள்.